சாரதி இல்லாத காரைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். தானாக ஓடும் காரின் மென்பொருளைச் சிமுலேசனில், அதாவது கணினிக்குள் உண்டாக்கிய வீதியில், சோதிப்பது எங்கள் வகுப்பில் ஒரு பகுதி. வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும், அவர்களை ஏற்ற வரும் தாய் தகப்பன் கேட்பதும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே போட்டிருக்கிறேன்.

1. மிஸ், சாரதி இல்லாத காரை கொம்பியூட்டருக்குள்ள ஓட்டிப் பாக்கிறது எண்டா என்ன?

அந்தக் காரை ஓட்டுவது ஒரு மென்பொருள். கமரா, ரேடார், லைடார் தரும் தரவை வாங்கி, சுற்றிவர என்ன நிற்கிறது, அடுத்த சில விநாடிகளில் அது எங்கே போகும் என்று கணித்து, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் அக்சிலேற்றருக்கும் கட்டளை கொடுப்பதுதான் அதன் வேலை. லைடார் என்பது லேசர் ஒளியை அனுப்பி, பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி. தரவு உண்மையான காரிலிருந்து வருகிறதா, கணினி உண்டாக்கியதா என்று மென்பொருளுக்குத் தெரியாது. வந்த தரவுக்கு ஏற்ப அது கட்டளை கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆகவே கணினிக்குள் ஒரு வீதியையும் வாகனங்களையும் ஆட்களையும் உண்டாக்கி, கமராவுக்கும் லைடாருக்கும் அங்கே என்ன தெரியும் என்பதைக் கணக்கிட்டு மென்பொருளுக்குக் கொடுக்கிறோம். அது 'பிரேக்' என்றால் கணினிக்குள் இருக்கும் கார் வேகம் குறைகிறது. அதன்படி அடுத்த காட்சி மாறுகிறது. இந்தச் சுற்று விநாடிக்கு 20 தடவை நடந்தால் ஒரு படி 0.05 விநாடி. மணிக்கு 70 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு படியில் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நகரும். படியைப் பெரிதாக்கினால் வேலை கெதியாக முடியும். ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட இடமுண்டு.

2. அப்ப இது கேம் தானே? என்ர மகன் வீட்டில விளையாடுறதும் இதுதானே?

அடித்தளம் ஒன்றுதான். உலகம் முழுக்க மாணவர்கள் பாவிக்கும் கார்லா என்ற சிமுலேற்றர், கேம் செய்யும் அன்ரியல் எஞ்சினின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2017இல் வெளிவந்தது, பார்சலோனாவில் உள்ள கணினிப் பார்வை ஆய்வு மையத்தையும் இன்ரெல், டொயோட்டா ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்தவர்கள் செய்தார்கள். இலவசம். யாரும் திறந்து பார்த்து மாற்றலாம்.

கேமில் படம் எங்கள் கண்ணுக்கு வடிவாகத் தெரிந்தால் போதும். இங்கே ரயரின் பிடி, பிரேக்கின் தாமதம், லைடார் கதிர் எதில் பட்டுத் திரும்பியது என்பதெல்லாம் உண்மைக்குக் கிட்ட இருக்க வேண்டும். அதோடு அதே காட்சியை, அதே விநாடியிலிருந்து, ஒரேயொரு விஷயத்தை மட்டும் மாற்றித் திரும்ப ஓட்ட முடிய வேண்டும். பஸ் அரை விநாடி பிந்தி வந்திருந்தால்? அந்தப் பிள்ளை ஓடாமல் நடந்திருந்தால்? உண்மையான வீதியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எடுக்க வழியே இல்லை. சிமுலேசனை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

3. ஏன் இவ்வளவு பாடு? றோட்டில விட்டு ஓட்டிப் பாத்தா முடிஞ்சுது.

முடியாது. 2016இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. அங்கே மனிதர் ஓட்டும் வாகனங்களால் 10 கோடி மைலுக்கு ஏறத்தாழ 1.09 உயிரிழப்பு. தானாக ஓடும் கார் அதற்கு மேல் மோசமில்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, ஒரு உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல், அதாவது ஏறக்குறைய 44 கோடி கிலோமீற்றர் ஓட வேண்டும். நூறு கார்களை இரவு பகல் நிற்காமல், மணிக்கு 40 கிலோமீற்றர் சராசரியில் விட்டால் பன்னிரண்டரை வருடம். அதற்கிடையில் மென்பொருளில் பெரிய மாற்றம் செய்தால், பழைய ஓட்டம் புதிய மென்பொருளுக்குச் சாட்சி சொல்லாது.

இன்னொன்று, ஆபத்தான காட்சியை வீதியில் வேண்டுமென்று உண்டாக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு பிள்ளையைக் குறுக்கே ஓடவிட்டுச் சோதிக்க யாருக்கும் உரிமை இல்லை. கணினிக்குள் அதை ஆயிரம் தடவை செய்யலாம்.

4. வேமோ கம்பனி கொம்பியூட்டருக்குள்ள ஆயிரம் கோடி மைல் ஓடினதாம். நம்பலாமோ?

வேமோ, கூகுளில் தொடங்கிய சாரதியில்லாக் கார் நிறுவனம். 2019இல் அது சிமுலேசனில் 1,000 கோடி மைலைத் தாண்டியதாகச் சொன்னது. எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த எண்ணில் பெரிய மரியாதை இல்லை. ஆளில்லாத நேர் வீதியில் கணினிக்குள் கோடி மைல் ஓடினாலும் கார் புதிதாக ஒன்றும் சந்திக்காது. எத்தனை மைல் என்பதை விட, அந்த மைல்களுக்குள் என்னென்ன காட்சிகள் வந்தன என்று கேளுங்கள்.

அவர்கள் வேலை செய்த முறையைத்தான் நான் வகுப்பில் சொல்வேன். ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் இரண்டு ஓடுபாதை (லேன்) கொண்ட ஒரு சுற்றுவட்டம் அவர்களுடைய கார்களுக்குச் சிக்கலாக இருந்தது. கலிபோர்னியாவில் பழைய விமானப்படைத் தளத்தில் இருந்த தங்கள் சோதனைத் திடலில் அதே மாதிரி வட்டம் ஒன்றைக் கட்டினார்கள். அங்கே ஓட்டி எடுத்ததைக் கார்க்ராஃப்ட் என்ற தங்கள் சிமுலேற்றருக்குள் போட்டு, மற்ற வாகனங்களின் வேகத்தையும் இடைவெளியையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஆயிரக்கணக்கான வகைகளில் ஓட்டினார்கள். வீதியில் கண்ட ஒரு சிக்கல் அப்படித்தான் கணினிக்குள் பெருகியது.

5. இரவில மாங்குளம் தாண்டினா மாடு நடு றோட்டில படுத்திருக்கும். இதுக்கு அது தெரியுமோ, பிள்ளை?

ஒரு லொறிக்கார ஐயா கேட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் தெரியும். நாங்கள் வகுப்பில் எழுதிய முதல் காட்சியே இது. வெயில் பட்ட காபற் வீதி இரவிலும் சூட்டை வைத்திருக்கும்; மழைக்காலத்தில் சுற்றிவர ஈரமாக இருக்கும்போது வீதிதான் மாட்டுக்கு மேடான இடம். பட்டியாக வந்து படுத்துவிடும். மாங்குளம் வழியாகப் போகும் ஏ9 வீதியில் காருக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். காய்ந்த வீதியில் அந்த வேகத்தில் முழுப் பிரேக் பிடித்தால் நிற்க ஏறத்தாழ 27 மீற்றர் தேவை. மனிதர் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை விநாடி எடுத்தால் அதற்குள் இன்னொரு 29 மீற்றர் போய்விடும். டிம் லைட்டில் ஒரு கறுத்த மாடு அவ்வளவு தூரத்தில் தெளிவாகத் தெரியாது.

'வீதியில் மாடு' என்று மட்டும் எழுதினால் காட்சி ஆகாது. படுத்திருக்கும் மாடா, எழும்பிக்கொண்டிருக்கும் மாடா? முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தால் கண் மினுங்காது. எதிரே பஸ் வந்தால் அதன் வெளிச்சத்துக்குப் பின்னால் மாடு மறைந்துபோகும். தாய் மாடு எழும்பி விலகிய பிறகு, ஒரு கணம் கழித்துக் கன்று அதன் பின்னால் ஓடும். மாடு போய்விட்டது என்று வேகம் எடுக்கும் கார் கன்றைத்தான் அடிக்கும். இதைச் சொன்னது மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி. வேகம் 4 வகை, மாடு கிடக்கும் இடம் 6, எதிரே வரும் வாகனம் 4, வீதி காய்ந்ததா ஈரமா என்று 2, மாட்டின் செயல் 5. பெருக்கிப் பாருங்கள், 960 ஓட்டங்கள். கணினி அதை எங்களுக்காக இரவோடிரவாக ஓட்டித் தரும். கன்றை யோசித்துப் பிடிக்க மட்டும் ஆள் வேண்டும்.

வெளிநாட்டுப் பெரிய நிறுவனத்துக்கும் இப்படி நடந்திருக்கிறது. வொல்வோவின் விலங்கு கண்டுபிடிக்கும் முறை சுவீடனில் கடமான்களை வைத்து வளர்க்கப்பட்டது. அதை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனபோது கங்காருவிடம் குழம்பிப்போனது. விலங்கின் கால் நிலத்தில் படும் இடத்தை வைத்துத் தூரம் கணித்ததால், கங்காரு பாய்ந்து அந்தரத்தில் நிற்கும்போது தூரத்தில் இருப்பதுபோலவும், நிலத்தில் இறங்கியதும் கிட்ட வந்துவிட்டதுபோலவும் தெரிந்தது. 2017இல் அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இது.

6. யானைக்கும் இதே மாதிரித்தானா?

கண்டுபிடிப்பது சுகம், யானை பெரியது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். மாட்டுக்கு முன்னால் நின்றால் போதும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் ஓடுபவர்களைக் கேட்டால், தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், தேவைப்பட்டால் பின்னால் எடுக்க வேண்டும் என்பார்கள். 'முன்னால் தடை, நில்' என்பதோடு முடியும் மென்பொருள் யானைக்குப் பத்து மீற்றரில் போய் அமைதியாக நிற்கும். மோதல் இல்லை என்று சிமுலேற்றரும் சித்தி போட்டுவிடும். எதைச் சித்தி என்று எடுப்பது என்பதையும் நாங்களே காட்சியோடு சேர்த்து எழுத வேண்டும்.

7. எங்கட ஆக்கள் ஒருத்தரும் சட்டப்படி ஓடுறேல்ல. அதை எப்பிடி மிஸ் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுக்கிறது?

மற்ற வாகனங்களை ஓட்டுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது விதி எழுதுவது: முன்னால் போகும் வாகனத்தோடு இவ்வளவு இடைவெளி, இவ்வளவு வேகம் என்று ஒரு சமன்பாடு. இரண்டாவது, உண்மையான வீதியில் பதிந்ததை அப்படியே திரும்ப ஓட்டுவது. இது உண்மையாகத் தெரியும், ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பதிவில் இருக்கும் பஸ் எங்கள் காரைப் பார்க்காது. எங்கள் மென்பொருள் அன்று நடந்ததை விட முந்தியே பிரேக் பிடித்தால், பின்னால் வரும் பஸ் அன்று போன வேகத்திலேயே வந்து மோதும். அந்த மோதலுக்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது, பதிவுகளிலிருந்து மனிதர் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கணினிக்குப் பழக்கி, எங்கள் காருக்குப் பதில் கொடுக்கும் வாகனங்களை உண்டாக்குவது. பெரிய நிறுவனங்கள் இப்போது மூன்றாவதில்தான் கூடப் பாடுபடுகிறார்கள்.

'சட்டப்படி ஓடுவதில்லை' என்பதோடு நான் முழுக்க ஒத்துப்போகமாட்டேன். இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது, அது எழுதப்படவில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் முன்னால் போகும் வாகனம் கும்பிட ஓரம் கட்டும் என்று இங்குள்ள எல்லாருக்கும் தெரியும்; அதைப் படிக்காத மென்பொருள், பஸ் நேரே போகும் என்று கணிக்கும். எதிரே வருபவர் லைட் அடித்தால் 'நான் வாறன், நில்' என்று எடுக்கிறோம். பிரித்தானியாவில் பலர் அதையே 'நீ போ' என்று எடுப்பார்கள். ஒடுங்கிய வட்டுவாகல் பாலத்தில் இரண்டு பக்கத்திலும் வாகனம் வந்தால் யார் முதலில் போவது என்பதைக் கண்ணாலும் லைட்டாலும் பேசித் தீர்க்கிறோம். இவை எல்லாம் எழுதக்கூடியவை, ஓட்டிப் பழகியவர்கள் சொல்லக்கூடியவை.

8. கொம்பியூட்டரில பாஸ் பண்ணினா றோட்டிலயும் பாஸ் தானே?

இல்லை. கணினியில் தோற்றால், அது ஏழாம் கேள்வியில் சொன்ன பஸ் மாதிரிக் காட்சியின் பிழை இல்லையென்றால், அதை நம்புங்கள், மென்பொருளில் திருத்த ஏதோ இருக்கிறது. கணினியில் சித்தியடைந்தால், எழுதிய காட்சிகளில், எழுதிய அளவுக்கு உண்மையான சென்சர்களோடு (கமரா, ரேடார், லைடார்) சித்தியடைந்தது என்று மட்டும் எடுங்கள்.

கணினிக்கும் உண்மையான வீதிக்கும் உள்ள இடைவெளி கூடுதலாகச் சென்சர்களில்தான் வரும். கிறவல் வீதியில் முன்னால் உழவு இயந்திரம் போனால் எழும் புழுதியிலும் லைடார் கதிர் பட்டுத் திரும்பும். அங்கே ஒரு சுவர் நிற்பதுபோல் மென்பொருளுக்குத் தெரியலாம். மாரி மழையில் நனைந்த வீதி எதிர் வெளிச்சத்தை அப்படியே கமராவுக்குள் திருப்பி அடிக்கும். பின்னேரம் மேற்கு நோக்கிப் போனால் சூரியன் நேரே கண்ணாடியில். இவற்றை ஓரளவு கணித்து உண்டாக்கலாம். ஆனால் உண்டாக்கிய புழுதி உண்மைப் புழுதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, வெளியில் போய் அளந்து வந்து இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்யாதவர் காட்டும் சிமுலேசன் முடிவை நான் பொருட்படுத்துவதில்லை.

9. அமெரிக்காவில இந்தக் கார் அடிச்சு ஒரு பொம்பிளை செத்தவா. அது ஏன் முதலே பிடிபடேல்ல?

2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் ரெம்பி நகரில் நடந்தது. ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார். ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு, கடவை இல்லாத இடத்தில் வீதியைக் கடந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்து வெளியிட்டதைப் படித்தால் மனம் கனக்கும். சென்சர்கள் அவரை மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை ஒருமுறை வாகனம் என்றது, பிறகு வேறு ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை அவர் நகர்ந்து வந்த வரலாற்றைக் கைவிட்டு, எங்கே போவார் என்று புதிதாகக் கணித்தது. மோதல் நிச்சயம் என்று தெரிந்தபோது 1.2 விநாடிதான் இருந்தது. தேவையில்லாமல் சடாரென்று பிரேக் பிடிப்பதைத் தடுக்க வைத்திருந்த ஒரு விநாடித் தாமதம் அதிலும் போய்விட்டது. காருக்குள் மேற்பார்வைக்கு இருந்தவரும் வீதியைப் பார்க்கவில்லை.

மிக முக்கியமான வரி வேறு. கடவை இல்லாத இடத்தில் ஒருவர் வீதியைக் கடப்பார் என்பதை அந்த மென்பொருளின் வடிவமைப்பே கணக்கில் எடுக்கவில்லை என்று சபை சொன்னது. மென்பொருள் எழுதியவரின் எண்ணத்திலேயே அது இல்லை. சோதனை எழுதுபவரும் அதே எண்ணத்தோடு இருந்தால் எத்தனை மைல் ஓட்டினாலும் அந்தப் பெண் காட்சிக்குள் வரவே மாட்டார். கிளிநொச்சியில் ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும், ஆட்கள் எங்கே வீதியைக் கடப்பார்கள் என்றால் 'எல்லா இடத்திலயும்' என்றுதான் சொல்லும்.

2023 ஒக்ரோபர் 2இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததும் இதே வகைதான். மனிதர் ஓட்டிய வேறொரு கார் ஒரு பெண்ணை அடித்து, குரூஸ் நிறுவனத்தின் சாரதியில்லாக் காருக்கு முன்னால் எறிந்தது. கார் பிரேக் பிடித்தும் மோதி நின்றது. பிறகு, விபத்து நடந்தால் ஓரம் கட்ட வேண்டும் என்ற நல்ல விதியைப் பின்பற்றி, அடியில் ஆள் இருப்பது தெரியாமல் ஏறத்தாழ ஆறு மீற்றர் இழுத்துச் சென்றது. மோதலோடு காட்சியை முடித்துவிடக் கூடாது, மோதிய பிறகும் ஓட்ட வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

10. கேற் இல்லாத ரயில் கடவையை இது கடக்குமோ?

வடக்கு ரயில் பாதை 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வரை திறந்த பிறகு, காவலாளி இல்லாத கடவைகளில் எத்தனை வீடுகள் ஆளை இழந்தன என்பதை நான் இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணக்கு இதுதான். ரயில் மணிக்கு 80 கிலோமீற்றரில் வருகிறது என்று வையுங்கள், விநாடிக்கு 22 மீற்றர். நின்று புறப்படும் கார் பாதையைத் தாண்ட 6 விநாடி எடுத்தால், 130 மீற்றருக்கு அப்பால் வரும் ரயிலைப் பக்கவாட்டில் காண முடிய வேண்டும். நிறையக் கார்களின் சென்சர்கள் முன்னால் தூரமாகவும் பக்கத்தில் கிட்டவாகவும்தான் பார்க்கும். பாதையோரம் பற்றை வளர்ந்திருந்தால் அதுவும் இல்லை. காட்சியை எழுதி ஓட்டினால், எந்தக் கடவையில் கார் கடக்கவே கூடாது என்பது தெளிவாகத் தெரியும். கடக்காமல் வேறு வழியால் போவதும் சரியான விடைதான்.

11. எங்கட றோட்டுகளை கொம்பியூட்டருக்குள்ள கொண்டுவர ஏலுமோ, இல்லாட்டி அமெரிக்க றோட்டிலதான் ஓடோணுமோ?

ஏலும். ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற இலவச வரைபடத்திலிருந்து வீதிகளை இறக்கி, சிமுலேற்றர் வாசிக்கும் ஓப்பன்டிரைவ் என்ற வடிவத்துக்கு மாற்றலாம். கார்லாவோடு வரும் நகரங்களில் வாகனம் வலப்பக்கம் ஓடும், நடைபாதை அழகாக வெட்டியிருக்கும். எங்களுக்கு இடப்பக்கம், காபற் முடிந்ததும் கிறவல் ஓரம், அதற்கப்பால் வாய்க்கால். அந்த ஓரத்தைக் கையால் திருத்தத்தான் வேண்டும். அறுவடை நேரம் வீதியில் பாதியை நெல் காயவைக்கப் பிடித்திருப்பார்கள். அது எந்த வரைபடத்திலும் வராது.

படங்களிலும் இதே பிரச்சினை. மென்பொருளுக்குப் பார்வை பழக்க உலகம் அதிகம் பாவித்த படத்தொகுதிகளில் ஒன்றான சிற்றிஸ்கேப்ஸ் பெரும்பாலும் ஜேர்மன் நகரங்களில் எடுத்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐஐஐடி நிறுவனம் இந்திய வீதிகளில் ஏறத்தாழ 10,000 படங்கள் கொண்ட தொகுதியைச் செய்து, ஆட்டோவுக்கும் விலங்குக்கும் தனி வகை வைத்தது. எங்களுக்கு அது கிட்ட வரும். பின்லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டியையும், விறகு கட்டிய சைக்கிளையும் நாங்கள்தான் சேர்க்க வேண்டும்.

12. இதுக்கு என்ன படிக்கோணும் மிஸ்? கம்பஸ் கிடைக்காட்டி ஏலாதோ?

பைத்தன் என்ற புரோகிராமிங் மொழி, உயர்தர அளவுக்குப் பௌதிகம், நிகழ்தகவு. இந்த மூன்றோடு தொடங்கலாம். கார்லாவுக்கு 6 அல்லது 8 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும், அது விலை கூட. சாதாரண லப்டொப்தான் இருக்கிறது என்றால், ஜேர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001 முதல் வளர்த்துவரும் சூமோ என்ற போக்குவரத்துச் சிமுலேற்றரில் தொடங்குங்கள். அதில் கமராப் படம் இல்லை. வாகனங்கள் மேலிருந்து பார்க்கும் புள்ளிகளாக ஓடும். காட்சி எழுதப் பழக அது தாராளம்.

அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால், எழுதிய காட்சிகளையும் அவற்றின் முடிவுகளையும் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

13. ரெஸ்ற் எழுதிறதும் அவங்கள், கார் செய்யிறதும் அவங்கள். சுகமான ரெஸ்ற் எழுதி பாஸ் போட மாட்டாங்களோ?

நல்ல கேள்வி. ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே இது நடக்கும். தோற்ற காட்சிகளை வைத்தே மென்பொருளைத் திருத்தித் திருத்தி ஓட்டினால், கடந்தகால வினாத்தாளை மட்டும் பாடமாக்கிய பிள்ளை மாதிரி அது அந்தக் காட்சிகளில் மட்டும் கெட்டியாகிவிடும். ஆகவே ஒரு பகுதிக் காட்சிகளை மென்பொருள் எழுதுபவர் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைக்க வேண்டும். இன்னொரு வழி, காரைத் தோற்கடிக்கும் காட்சியைத் தேடிப் பிடிக்கும்படி வேறொரு நிரலுக்கே வேலை கொடுப்பது. அது மனிதர் யோசிக்காத மூலைகளைக் கண்டுபிடிக்கும். ஆனால் எந்த மாதிரி உலகத்துக்குள் தேட வேண்டும் என்பதை அப்போதும் மனிதர்தான் கொடுக்கிறார்.

வெளியாள் பார்ப்பதும் வேண்டும். 2021இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா.வின் 157ஆம் இலக்க ஒழுங்குவிதி, ஓடுபாதைக்குள் தானாக ஓடும் கார்களுக்கானது. அது ஆவணப் பரிசோதனை, திடல் ஓட்டம், உண்மை வீதி ஓட்டம் ஆகியவற்றைக் கேட்கிறது. சிமுலேசனையும் ஏற்கிறது, ஆனால் அந்தச் சிமுலேற்றர் நம்பத்தக்கது என்று முதலில் காட்டச் சொல்கிறது. எட்டாம் கேள்வியில் சொன்ன ஒப்பீடு இங்கேதான் தேவைப்படும்.

14. அடிபட்டா ஆர் பொறுப்பு?

எங்கள் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951இல் வந்தது. சாரதி ஒருவர் இருப்பார் என்றுதான் அது எழுதப்பட்டது. பிரித்தானியா 2024இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கார் தானாக ஓடும் நேரத்தில் அது ஓடும் விதத்துக்கு உள்ளே இருப்பவரைக் குற்றவாளி ஆக்காமல், அதற்கு அனுமதி பெற்ற நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. கவனமும் திறமையும் உள்ள ஒரு மனிதச் சாரதியின் அளவுக்காவது கார் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது அங்கே அளவுகோல்.

15. எங்கட ஆட்டோக்காரப் பெடியளின்ர தொழில் போயிடுமோ?

கிட்ட நாளில் போகாது என்பது என் எண்ணம். சாரதியில்லாத ராக்சி இன்று ஓடும் இடங்கள் பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, வூஹான் போன்ற நகரங்கள். எந்த வீதி, எந்த வானிலை, எந்த வேகம் என்று ஒரு எல்லை போட்டு அதற்குள்தான் ஓடுகின்றன. மேலே படித்தவற்றில் பாதி அந்த எல்லைக்குள் வராது. அதோடு, ஆட்டோ ஓட்டும் பிள்ளைகள்தான் எங்களுக்கு அதிகம் காட்சி சொல்லித் தருபவர்கள்.

16. எல்லாக் காட்சியும் எழுதி முடிஞ்சுது எண்டு எப்ப மிஸ் சொல்லுவீங்கள்?

முடிந்தது என்று சொல்ல வராது. எழுதாத காட்சிகள் எத்தனை மிச்சம் என்பதை எண்ண வழியில்லை. ஆனால் அளக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. வீதியில் ஓடும்போது பட்டியலில் இல்லாத புதிய விஷயம் எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை வருகிறது என்று குறித்துக்கொண்டு போகலாம். அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனால் பட்டியல் நிறைவை நெருங்குகிறது என்று அர்த்தம். நீளாமல் நின்றுவிட்டால் காரை இன்னும் வெளியில் விடக் கூடாது. மூன்றாம் கேள்வியில் சொன்ன 44 கோடி கிலோமீற்றருக்கு இது பதில் ஆகாது. எந்தத் திசையில் போகிறோம் என்பதைக் காட்டும்.

ஆகவே நீங்கள் வீதியில் கண்டதை எங்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது இவை இருந்தால் உதவும்: எந்த வீதி, எத்தனை மணி, மழையா வெயிலா, உங்கள் வேகம் ஏறத்தாழ எவ்வளவு, எவ்வளவு தூரத்தில் கண்டீர்கள், மற்றவர் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள். கடைசியாக ஒன்று: என்ன நடக்கும் என்று முதலில் நினைத்தீர்கள்? அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நினைத்ததும் நடந்ததும் வேறாக இருந்தால், அந்தக் காட்சியைத்தான் முதலில் எழுதுவோம்.